தோள்பட்டை ஜவ்வுத் தையலும் அதற்குப் பின் வரும் முதல் இரண்டு இரவுகளும்

கொடுமுடி மஞ்சள்காட்டார்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 63 வயது ஆகிறது. காளிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் மஞ்சளும் கரும்பும் வைத்திருக்கிறோம். அதற்கு முன் 22 ஆண்டுகள் பஞ்சாலையில், பெரும்பகுதி பஞ்சைச் சீவும் கார்டிங் பிரிவில், வேலை பார்த்தவர். அந்தப் பஞ்சுத் தூசி விட்டுச் சென்ற இளைப்பு இன்றும் இருக்கிறது. மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று மூச்சு வாங்கித்தான் மேலே வருவார். சர்க்கரைக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார்.

மூன்று மாதங்களுக்கு முன் தண்ணீர் கட்டப் போன இடத்தில் வரப்பு வழுக்கி விழுந்து வலது கையை ஊன்றினார். அன்று முதல் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. முதல் ஒரு மாதம் கட்டு வைத்தியரிடம் எண்ணெய்க் கட்டுப் போட்டுப் பார்த்தோம். பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் சூப்ராஸ்பைனேட்டஸ் என்ற தசையின் நாண் முழுக் கனத்திற்கும் கிழிந்திருப்பதாகவும், கிழிசல் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஈரோட்டில் பார்த்த மருத்துவர் சிறிய கீறல் போட்டுத் தைத்துவிடலாம் என்கிறார். கோவையில் பார்த்தவர் துளை வழியாகக் கேமரா விட்டு, இரண்டு வரிசையாக ஆங்கர் (நூலைப் பிடிக்க எலும்பில் பதிக்கும் சிறு முளை) போட்டுத் தைப்பதுதான் நல்லது என்கிறார்.

இதற்கிடையில், எங்கள் ஊரில் இதே அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவர், "அந்த மாதிரி ஒரு ராத்திரி எதிரிக்குக்கூட வரக்கூடாதுங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்போதிருந்து அப்பா, "கை இப்படியே இருந்துட்டுப் போவட்டும் கண்ணு" என்று பேச்சை முடித்துவிடுகிறார். எந்த முறையில் தைப்பது என்பது எங்கள் கேள்வி. வலியை எப்படித் தாங்குவது என்பது அவருடைய கேள்வி. இரண்டையும் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

எலும்பியல் மருத்துவர், கோவை

அப்பாவை நேரில் பார்க்காமல் அவருக்கு இதுதான் சரி என்று சொல்ல மாட்டேன். இரண்டு மருத்துவர்கள் சொன்னதற்கும் இடையே நீங்கள் நினைக்கும் அளவுக்குத் தூரம் இல்லை என்பதை மட்டும் விளக்க முடியும்.

தோள்மூட்டின் பந்து, கிண்ணத்தில் ஆழமாக உட்கார்ந்திருப்பதில்லை. ஏறக்குறைய ஒரு தட்டின் மேல் வைத்த எலுமிச்சம்பழம் போலத்தான் இருக்கிறது. அதை உருளாமல் பிடித்து வைப்பவை நான்கு தசைகளின் நாண்கள். அவற்றில் மூன்று, மேற்கை எலும்பின் வெளிப்புற மேட்டிலும், ஒன்று முன்புறத்துச் சிறிய மேட்டிலும் ஒட்டியிருக்கின்றன. அதிகமாகக் கிழிவது உங்கள் அப்பாவுக்குக் கிழிந்திருக்கும் சூப்ராஸ்பைனேட்டஸ்தான். ஊரில் நாம் ஜவ்வு என்று சொல்வது இதைத்தான். பாஸ்டனைச் சேர்ந்த எர்னஸ்ட் காட்மன் 1909இல் இந்த நாணைத் தைத்து, 1911இல் அதைப் பற்றி எழுதினார். தான் அறுவை செய்த ஒவ்வொருவரும் ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறார் என்று பார்த்து எழுதி வைக்க வேண்டும் என்று தன் காலத்து மருத்துவமனைகளோடு போராடியவரும் அவரே. அந்தப் பிடிவாதம் எனக்கு இன்றும் வழிகாட்டியாக இருக்கிறது.

திறந்து செய்வதா, துளை வழியாகவா என்ற கேள்விக்கு வருகிறேன். துளை முறையில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான சில துளைகள் போதும். தோளை மேலே மூடியிருக்கும் டெல்டாய்டு தசையைப் பிரிக்க வேண்டியதில்லை. மூட்டுக்குள் வேறு சேதம் இருந்தால் அதையும் பார்த்துவிடலாம். முதல் சில நாட்களின் வலியும் பொதுவாகக் குறைவு. ஆனால் பிரிட்டனில் திறந்த முறையையும் துளை முறையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2015இல் வெளியான பெரிய ஆய்வில், இரண்டு ஆண்டுகள் கழித்து நோயாளிகளின் தோள் இயங்கும் விதத்தில் வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே சிறு கீறல் முறையில் கைதேர்ந்த மருத்துவர் ஒருவர் அதையே செய்கிறேன் என்றால், அது பழைய முறை என்பதற்காக மட்டும் அவரை விட்டுவிட வேண்டியதில்லை.

ஒற்றை வரிசை, இரட்டை வரிசை என்பதும் அப்படித்தான். நாண் எலும்பில் ஒட்டியிருந்த பரப்பு ஒரு பட்டையைப் போன்றது. ஒரு வரிசை ஆங்கர் அந்தப் பட்டையின் ஒரு கோட்டில் மட்டும் நாணைப் பிடிக்கிறது. இரண்டு வரிசை போட்டு நூலைக் குறுக்காக இழுத்துக் கட்டும்போது நாண் முழுப் பட்டையின் மேலும் அழுந்துகிறது. 3 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கிழிசல்களில் இரட்டை வரிசை மறுபடி கிழிவதைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் பெரும்பாலும் காட்டுகின்றன. அதற்குக் குறைந்த கிழிசல்களில் நோயாளி உணரும் பலன் ஏறக்குறைய ஒன்றே. ஆங்கர் எண்ணிக்கை கூடும்போது செலவும் கூடுகிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தயங்காதீர்கள்.

நான் இதைவிட முக்கியமாகக் கருதுவது வேறு. கிழிந்த நாண் எவ்வளவு பின்வாங்கியிருக்கிறது, தசைக்குள் கொழுப்பு எந்த அளவுக்குப் படிந்திருக்கிறது, இழுத்துத் தைக்கும்போது இறுக்கமில்லாமல் வருகிறதா என்பவையே விளைவைத் தீர்மானிக்கின்றன. கொழுப்புப் படிவை 0 முதல் 4 வரை தரம் பிரிப்போம். தரம் கூடக் கூட, தைத்தாலும் அந்தத் தசை பழைய வலுவுக்குத் திரும்புவது அரிதாகிறது. ஸ்கேன் அறிக்கையில் அந்த வரியைத் தேடிப் பாருங்கள். இன்னொன்றும் உண்டு. தையலோடு சேர்த்து, மேலே இருக்கும் அக்ரோமியன் எலும்பைச் சீவிவிடுவது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. கிழிசல் இல்லாத தோள் வலிக்கு அந்தச் சீவலை மட்டும் செய்து பார்த்தபோது, பொய் அறுவையைவிட (தோலைத் திறந்தும் எலும்பைச் சீவாமல் விடுவது) குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்று பிரிட்டனிலும் பின்லாந்திலும் நடந்த ஆய்வுகள் 2018 வாக்கில் காட்டின. உங்கள் மருத்துவர் சீவப் போகிறார் என்றால் எதற்காக என்று கேளுங்கள்.

சோமனூர் தறிக்காரர்

கொடுமுடித் தம்பிக்கு வணக்கம். உங்கள் ஊர்க்காரர் அப்பாவிடம் சொன்னது பொய்யல்ல. ஆனால் அந்த இரவு எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொன்னால், அதைத் தவிர்க்க முடியும் என்பதும் உங்களுக்குப் புரியும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எனக்கு இடது தோளில் துளை முறையில் தைத்தார்கள். விசைத்தறிக்குப் பாவு பீம் தூக்கி ஏற்றிய பல ஆண்டு வேலையில் கிழிந்தது அது. கழுத்தில் ஓர் ஊசி போட்டுக் கை முழுவதையும் மரக்க வைத்தார்கள். பிற்பகல் 2 மணிக்கு அறுவை முடிந்தது. மாலையில் எனக்கு ஒரு துளி வலிகூட இல்லை. கை வேறு யாருடையதோ போலக் கிடந்தது. பார்க்க வந்தவர்களிடம், வலி என்கிறார்களே அதெல்லாம் சும்மா என்று சொல்லிச் சிரித்தேன். இரவு 9 மணிக்குச் செவிலியர் மாத்திரை கொண்டுவந்தபோது, வலியே இல்லை, எதற்கு மாத்திரை என்று திருப்பி அனுப்பினேன். அவரும் வற்புறுத்தவில்லை.

விடியற்காலை 2 மணிக்கு விழித்தேன். விரல் நுனியில் முதலில் எறும்பு ஊர்வது போலிருந்தது. அடுத்த அரை மணி நேரத்தில் தோளுக்குள் யாரோ கடப்பாரையால் நெம்புவது போல வலி வந்தது. மணி அடித்தேன். மாத்திரை கொடுத்தார்கள், அது வயிற்றில் இறங்கி வேலை செய்ய ஒரு மணி நேரம் ஆனது. பிறகு ஊசி போட்டார்கள், வாந்தி வந்தது. 5 மணிக்குத்தான் கண் அசந்தது. என் மனைவி அந்த இரவு முழுவதும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார்.

மரப்பு விலகும் நேரம் எது, அதற்கு முன் எந்த மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை என்பதுதான் என் மனக்குறை. தையல் நன்றாகத்தான் இருந்தது. இன்று அதே கையால் வேலை செய்கிறேன்.

மயக்கவியல் மருத்துவர், ஈரோடு

சோமனூர் ஐயா எழுதியதைப் போல ஒவ்வொரு மாதமும் யாரோ ஒருவர் என்னிடம் சொல்கிறார். படிக்கும்போது வருத்தமாக இருந்தது, ஏனெனில் இதற்கு எங்கள் துறையில் பெயரே உண்டு. மரப்பு விலகும்போது வலி திடீரென்று முழு வேகத்தோடு எழுவதை மீள்வலி என்கிறோம். எங்கே, எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்த வலி அது. தெரிந்திருந்தும் நோயாளியைத் தயார்படுத்தாமல் விடுவது எங்கள் தவறு.

கழுத்தில் போடப்படும் அந்த ஊசியின் பெயர் இன்டர்ஸ்கேலீன் பிளாக். கழுத்துப் பக்கத்தில் இரண்டு ஸ்கேலீன் தசைகளுக்கு நடுவே கைக்குச் செல்லும் நரம்புகள் கற்றையாக இறங்குகின்றன. அல்ட்ராசவுண்டில் அவற்றைப் பார்த்துக்கொண்டே, பக்கத்தில் புபிவகெயின் அல்லது ரோபிவகெயின் மருந்தைச் செலுத்துகிறோம். தோள் அறுவைக்கு இதைவிடத் திறமான வலி நிவாரணம் இன்று வரை இல்லை. ஒரே ஊசியாகப் போட்டால் மருந்தையும் அளவையும் பொறுத்து ஏறத்தாழ 8 முதல் 18 மணி நேரம் வரை இருக்கும். காலையில் அறுவை என்றால் நள்ளிரவிலும், பிற்பகலில் அறுவை என்றால் விடியற்காலையிலும் விலகும். இரண்டுமே உதவிக்கு ஆள் குறைவாக இருக்கும் நேரங்கள்.

ஆனால் கொடுமுடி நண்பரே, உங்கள் பதிவில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது தோள் அல்ல, கார்டிங் பிரிவு. நரம்புக் கற்றைக்கு மிக அருகில், ஸ்கேலீன் தசையின் முன்பக்கத்தில், உதரவிதானத்தை இயக்கும் ஃபிரெனிக் நரம்பு ஓடுகிறது. வழக்கமான 20 மில்லி மருந்தைச் செலுத்தினால் அது அந்த நரம்பையும் சென்றடைந்து, அந்தப் பக்கத்து உதரவிதானம் ஏறக்குறைய எல்லோருக்கும் சில மணி நேரம் செயலிழக்கிறது. நுரையீரல் கொள்ளளவில் கால் பங்கு வரை குறையலாம். நல்ல நுரையீரல் உள்ளவர் அதை உணர்வதுகூட இல்லை. படி ஏறவே நின்று மூச்சு வாங்குபவர் கட்டாயம் உணர்வார். அப்பாவின் பஞ்சாலை வேலையையும் இளைப்பையும் மயக்க மருந்து மருத்துவரிடம் நீங்களாகவே முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். அவர் ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதிப் பார்க்கும் சோதனை கேட்டால், வீண் செலவு என்று நினைக்காதீர்கள்.

இளைப்பு இருப்பதால் பிளாக்கே கூடாது என்று பொருளல்ல. மருந்தின் அளவைக் குறைக்கலாம்: டொராண்டோவில் 2008இல் வெளியான ஓர் ஆய்வில் 20 மில்லிக்குப் பதில் 5 மில்லி மட்டும் கொடுத்தபோது உதரவிதானம் செயலிழந்தவர்கள் பாதிக்கும் கீழே குறைந்தார்கள், வலியில் வேறுபாடு இல்லை. அந்தப் பாதி அளவு ஆபத்தும் உங்கள் அப்பாவுக்கு அதிகம் என்று நான் நினைக்கிறேன். அவரைப் போன்றவர்களுக்கு நான் விரும்புவது வேறு வழி. தோள்மூட்டின் உணர்ச்சியில் பெரும்பகுதியைச் சுமப்பது சூப்ராஸ்கேப்புலர் நரம்பு. மீதியில் ஒரு பகுதியை ஆக்ஸிலரி நரம்பு சுமக்கிறது. இவ்விரண்டையும் முதுகுப் பக்கத்திலிருந்து தனித்தனியாக மரக்க வைத்தால் மூச்சு பெரும்பாலும் தப்பிக்கிறது. முதல் சில மணி நேரத்தில் கழுத்து ஊசி அளவுக்கு முழுமையாக இருக்காது. ஆனால் கை முழுவதும் செத்துக் கிடக்காது, மீள்வலியும் மென்மையாக இருக்கும்.

ஐரோப்பாவைச் சேர்ந்த புராஸ்பெக்ட் என்ற வல்லுநர் குழு, இந்த ஓர் அறுவைக்கென்றே ஆய்வுகளை எல்லாம் தொகுத்து 2019இல் பரிந்துரை வெளியிட்டது. துளை முறை, பாரசிட்டமால், அதோடு அழற்சி எதிர்ப்பு மாத்திரை, ரத்தக் குழாய் வழியாக டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஒரு முறை, இன்டர்ஸ்கேலீன் பிளாக், அது முடியாதவர்களுக்கு சூப்ராஸ்கேப்புலர் பிளாக், இவை எல்லாம் போதாதபோது மட்டும் ஓபியாய்டு (அபின் வகை வலி மருந்து) என்பது அதன் சாரம். டெக்ஸாமெத்தசோன் பிளாக்கின் நேரத்தைச் சில மணி நேரம் நீட்டிக்கிறது, வாந்தியையும் குறைக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஓரிரு நாள் அளவு ஏறும். அதனால் கொடுக்கவே கூடாது என்றில்லை, அடிக்கடி பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

யாராவது மூட்டுக்குள்ளேயே குழாய் வைத்து மரப்பு மருந்தைத் தொடர்ந்து சொட்ட விடலாம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது குருத்தெலும்பைக் கரைத்துவிடுகிறது என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2009இல் எச்சரித்தது. நரம்புக்கு அருகில் வைக்கும் குழாய் வேறு. அது நல்ல முறை, கவனித்துக்கொள்ள ஆள் வேண்டும்.

கொடுமுடி மஞ்சள்காட்டார்

மருத்துவர் அவர்களுக்கு மிக்க நன்றி. அப்பாவின் இளைப்பைப் பற்றி நாங்கள் எந்த மருத்துவரிடமும் சொல்லவே இல்லை. தோளுக்கும் மூச்சுக்கும் என்ன தொடர்பு என்று நினைத்திருந்தோம். ஸ்கேன் அறிக்கையைத் திரும்பப் படித்தேன். கொழுப்புப் படிவு முதல் தரம் என்று இருக்கிறது.

இன்னொரு சந்தேகம். வலி மாத்திரை அதிகம் போட்டால் தைத்த ஜவ்வு ஒட்டாது என்று ஒருவர் சொல்கிறார். டிராமடால் என்ற வலி மாத்திரை போட்டால் பழகிவிடும் என்று இன்னொருவர் சொல்கிறார். அப்படியானால் எதைத்தான் போடுவது?

எலும்பியல் மருத்துவர், கோவை

முதலாமவர் சொன்னதில் ஓரளவு அடிப்படை உண்டு. எலிகளில் 2006இல் செய்த ஆய்வில் இன்டோமெத்தசினும் செலிகாக்ஸிபும் நாண் எலும்போடு ஒட்டுவதைக் கெடுத்தன. மனிதர்களில் கிடைத்திருக்கும் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. என் நோயாளிகளுக்கு முதல் சில நாட்களுக்கு மேல் அழற்சி எதிர்ப்பு மாத்திரைகளை நான் எழுதுவதில்லை. ஆறு வாரம் இடைவிடாமல் போடுவதை உறுதியாக எதிர்க்கிறேன். மயக்கவியல் மருத்துவர் இதில் என்னோடு முழுமையாக உடன்பட மாட்டார் என்று நினைக்கிறேன்.

மயக்கவியல் மருத்துவர், ஈரோடு

முதல் சில நாட்கள் என்பதில் உடன்படுகிறேன். தேவையே அப்போதுதான் இருக்கிறது. ஒட்டாமல் போய்விடும் என்று பயந்து முதல் 48 மணி நேரத்திலும் அவற்றை மறுப்பதைத்தான் ஏற்க மாட்டேன். அந்த இடைவெளியை நிரப்ப ஓபியாய்டைக் கூட்டினால், இளைப்பு உள்ள 63 வயதுக்காரருக்கு மூச்சு மந்தமாவதும், மலச்சிக்கலும், தலைசுற்றி விழுவதும் ஜவ்வைவிடப் பெரிய ஆபத்துகள். ஒரு முறை விழுந்தால் தையலும் போய்விடும். அதே நேரத்தில் சர்க்கரை உள்ளவர் என்பதால் சிறுநீரகத்தின் கிரியாட்டினின் அளவைப் பார்க்காமல் டைக்ளோஃபெனாக்கோ வேறெதுவுமோ தொடங்கக் கூடாது. வயிற்றுப் புண் இருந்திருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

அடித்தளம் பாரசிட்டமால். வலி இருக்கிறதா இல்லையா என்று பாராமல், கடிகாரம் பார்த்துப் போட வேண்டிய மாத்திரை அது. நல்ல உடல் எடையுள்ள பெரியவருக்கு நாள் ஒன்றுக்கு மொத்தம் 4 கிராம் மேல் எல்லை; மெலிந்தவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு, அதை மருத்துவர் சொல்ல வேண்டும். ஓபியாய்டு வகையான டிராமடாலை ஓரிரு இரவுகளுக்கு, மற்றவை போதாதபோது மட்டும் வைத்துக்கொள்ளலாம். அது 2018 முதல் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வருகிறது. மருந்துச் சீட்டில் எழுதியதற்கு மேல் கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

ஓய்வு பெற்ற செவிலியர், கோபி

மருத்துவர்கள் இருவரும் சொல்லிவிட்டார்கள். 31 ஆண்டுகள் வார்டில் இருந்தவள் என்ற முறையில், வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கு நான் சில விஷயங்களைச் சொல்கிறேன்.

மாத்திரை அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள், கண்ணு. அசிக்ளோஃபெனாக் என்று வாங்கும் மாத்திரையில் பெரும்பாலும் 325 மில்லிகிராம் பாரசிட்டமால் சேர்ந்திருக்கும். டிராமடால் மாத்திரை பலவற்றிலும் அது சேர்ந்தே வருகிறது. இதற்கு மேல் தனியாக 650 பாரசிட்டமாலும் கொடுத்தால், ஒரே மருந்து மூன்று பெயரில் உள்ளே போகிறது. வார்டில் இந்தத் தவறை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். படித்தவர்கள் வீட்டிலும் நடக்கிறது.

தோலில் ஒட்டும் புப்ரினார்ஃபின் பட்டை கொடுத்தார்கள் என்றால், அது ஒட்டிய உடனே வேலை செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள். அரை நாளுக்கு மேல் ஆகும். அந்த இடத்தில் வெந்நீர் ஒத்தடமோ சூடான தைலமோ கூடவே கூடாது. சூட்டில் மருந்து அளவுக்கு மீறி உடலில் இறங்கிவிடும். நம் பக்கத்தில் வலி என்றாலே வெந்நீர் ஒத்தடம் என்று கை போகும், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். இளைப்பு உள்ள உங்கள் அப்பாவுக்கு அந்தப் பட்டையே வேண்டுமா என்பதை மயக்க மருந்து டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

ஐஸ் ஒத்தடம் நல்லது. துணியில் சுற்றி 15 அல்லது 20 நிமிடம் வையுங்கள். கை மரத்திருக்கும்போது அவருக்குக் குளிர் தெரியாது, ஆகவே நேரத்தை நீங்கள்தான் பார்க்க வேண்டும். மரத்த கை கட்டிலின் கம்பியில் நசுங்கினாலும் தெரியாது. துளை முறையில் உப்பு நீரைப் பாய்ச்சிக்கொண்டே செய்வார்கள் என்பதால் தோளும் கழுத்தும் முதல் நாள் வீங்கியிருக்கும். பயப்பட வேண்டாம், வடிந்துவிடும். கழுத்து ஊசிக்குப் பிறகு ஒரு கண் இமை சரிந்திருப்பதும் குரல் கம்முவதும் அப்படியே. மரப்போடு சேர்ந்து போகும்.

படுக்கையில் நீட்டிப் படுக்க முதல் மூன்று வாரங்கள் முடியாது. வீட்டில் பழைய சாய்வு நாற்காலி இருந்தால் இறக்கித் துடைத்து வையுங்கள். முழங்கைக்குப் பின்னால் ஒரு தலையணை வேண்டும். அது இல்லாவிட்டால் கை பின்னுக்குச் சரிந்து இரவு முழுவதும் இழுக்கும். வலது கையில் அறுவை என்பதால் சாப்பாட்டுக்கு ஸ்பூன் பழக்குங்கள். இடது கையால் சாப்பிடப் பெரியவர்கள் கூச்சப்பட்டு, கையைத் தாங்கும் ஸ்லிங் பட்டையைக் கழற்றிவிட்டு வலது கையாலேயே சாப்பிட முயல்வதை நான் பார்த்திருக்கிறேன். முன்பக்கம் பொத்தான் போட்ட தொளதொளச் சட்டை இரண்டு தைத்துவிடுங்கள்.

பொள்ளாச்சி ஆசிரியை

எனக்கும் இதே தசையில் ஒரு சென்டிமீட்டர் கிழிசல் இருந்தது. அறுவை இல்லாமல் நான்கு மாதப் பயிற்சியிலேயே கரும்பலகையில் எழுதும் அளவுக்குக் கை வந்துவிட்டது. அதையும் யோசித்துப் பார்க்கலாமே என்று கேட்கவே எழுதுகிறேன்.

எலும்பியல் மருத்துவர், கோவை

கேட்க வேண்டிய கேள்விதான், அம்மா. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ஸ்கேன் எடுத்தால், வலியே இல்லாத தோள்களில்கூடக் கிழிசல் அடிக்கடி காணப்படுகிறது. பின்லாந்தில் 55 வயதுக்கு மேற்பட்டவர்களை வைத்து 2014இல் வெளியான ஆய்வில், அடிபடாமல் தானாகவே தேய்ந்து வந்த சிறு கிழிசல்களுக்குப் பயிற்சி மட்டும் செய்தவர்களும் தையல் போட்டவர்களும் ஓராண்டு முடிவில் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். உங்களுடையது அந்த வகை.

கொடுமுடி ஐயாவுடையது விழுந்து கிழிந்தது. விழுந்த நாள் வரை மண்வெட்டி பிடித்தவர் அன்றிலிருந்து கையைத் தூக்கவில்லை. இத்தகைய கிழிசலைத் தள்ளிப்போட்டால் நாண் பின்வாங்கி, கொழுப்பு ஏறி, பிறகு தைக்க நினைத்தாலும் முடியாத நிலை வரும். தரம் ஒன்றில் இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது என்பது என் கருத்து.

இயன்முறை மருத்துவர், திருப்பூர்

வலியை அடக்குவது வசதிக்காக மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். என்னிடம் மூன்றாவது வாரத்தில் வருபவர்களில் இரண்டு வகையினர் உண்டு. முதல் இரவின் வலியில் மிரண்டு, கையை உடம்போடு ஒட்டி வைத்து, விரலைக்கூட அசைக்காமல் வருபவர்கள் ஒரு வகை. அவர்களுக்கு விரல்கள் வீங்கி, முழங்கை விறைத்து, தோள் இறுகியிருக்கும். வலி அடங்கியதும் குணமாகிவிட்டது என்று நினைத்து, பால் கேனைத் தூக்கிவிட்டு வருபவர்கள் இன்னொரு வகை. பனியன் கம்பெனி ஒன்றில் துணிக்கட்டு இறக்கும் ஒருவர் ஐந்தாவது வாரத்தில், "லேசான கட்டுதானுங்க" என்று தூக்கினார். மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டியதாயிற்று.

தையல் நூல் நாணை எலும்போடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஒட்டும் வேலையை உடம்பு வாரக்கணக்கில் செய்கிறது. அதனால் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஸ்லிங். அந்தக் காலத்தில் விரல், மணிக்கட்டு, முழங்கை மூன்றையும் முதல் நாளிலிருந்தே அசைக்க வேண்டும். மருத்துவர் அனுமதித்த பின், குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு உடம்பின் அசைவில் ஊசல் போல ஆட்டும் பயிற்சி. மேலே மருத்துவர் குறிப்பிட்ட காட்மனின் பெயரால்தான் அந்தப் பயிற்சியை இன்றும் அழைக்கிறோம். தன் சொந்த வலுவில் கையைத் தூக்குவது ஏறத்தாழ 6 வாரத்திற்குப் பின். எடையோடு பயிற்சி 12 வாரத்திற்குப் பின். பயிற்சிக்கு அரை மணி நேரம் முன் பாரசிட்டமால் போட்டுக்கொண்டு வரச் சொல்வேன். வலியோடு போராடிக்கொண்டே செய்யும் பயிற்சியில் தசை இறுகிக்கொள்கிறது. அதில் பலன் குறைவு.

கொடுமுடி மஞ்சள்காட்டார்

நேற்றோடு அறுவை முடிந்து 9 நாட்கள் ஆகின்றன. உங்கள் அனைவருக்கும் நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பதிவுகளைத் தாளில் எழுதிக்கொண்டு இரண்டு மருத்துவர்களையும் மறுபடி பார்த்தோம். ஊதிப் பார்க்கும் சோதனையில் அப்பாவின் மூச்சுத் திறன் கணிசமாகக் குறைந்திருந்தது. அதைப் பார்த்த மயக்க மருந்து மருத்துவர், தானாகவே கழுத்து ஊசியைத் தவிர்த்து, முதுகுப் பக்கத்தில் இரண்டு ஊசிகள் போடுவதாகச் சொன்னார். இத்தனை நாள் சொல்லாமல் இருந்தீர்களே என்று கடிந்துகொண்டார். அது நியாயமான கோபம். துளை முறையிலேயே செய்தார்கள். உள்ளே பார்த்தபோது நாண் இறுக்கமில்லாமல் வந்ததால், எலும்பு மேட்டின் மேல் ஒரே வரிசையில் இரண்டு ஆங்கர் போதும் என்று மருத்துவர் முடிவு செய்தாராம்.

காலை 8 மணிக்கு அறுவை. ஊசி எப்போது விலகும் என்று கேட்டேன். இரவு 8 மணியிலிருந்து எதிர்பாருங்கள் என்றார்கள். மாலை 4 மணிக்குப் பாரசிட்டமால், 6 மணிக்கு இன்னொரு மாத்திரை, இரவு 10 மணிக்கு மறுபடி பாரசிட்டமால் என்று தாளில் எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிவிட்டேன். 4 மணி மாத்திரையை நீட்டியபோது, அப்பாவும் சோமனூர் அண்ணனைப் போலவே, "வலியே இல்ல, எதுக்குக் கண்ணு" என்றார். அண்ணனின் பதிவை எடுத்து அவருக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

இரவு 9 மணிக்கு மேல் வலி வந்தது. வலி பத்துக்கு எத்தனை என்று செவிலியர் கேட்டபோது, ஐந்து என்றார். 1 மணிக்கு ஆறு என்றார். டிராமடால் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். 3 மணிக்குத் தூங்கிவிட்டார். இரண்டாம் இரவு முதல் இரவைவிடச் சற்றுக் கடினமாகவே இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. சர்க்கரை இரண்டு நாட்கள் 280 வரை ஏறி, பிறகு இறங்கியது. மூன்றாம் நாளிலிருந்து டிராமடால் தேவைப்படவில்லை. இப்போது சாய்வு நாற்காலியில் தூங்குகிறார். ஸ்பூன் மட்டும் இன்னும் பிடிக்கவில்லை, அம்மா ஊட்டிவிடுகிறார்.

சோமனூர் தறிக்காரர்

என் பதிவைப் படித்துக் காட்டினீர்கள் என்பதை அறிந்து மனம் நிறைந்தது, தம்பி. இரண்டாம் இரவைப் பற்றி நான் எழுத மறந்துவிட்டேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஐந்தாம் நாளுக்கு மேல் பகல் வலி குறைந்தது. இரவு வலி மட்டும் இரண்டு மாதம் வரை விட்டு விட்டு வந்தது. அதனால் கலங்க வேண்டாம்.

எலும்பியல் மருத்துவர், கோவை

அப்பா நலமாக இருப்பது மகிழ்ச்சி. இரவு வலி சில வாரங்கள் தொடர்வது இயல்புதான். குறைந்துகொண்டே வந்த வலி திடீரென்று கூடினாலோ, காயத்தில் நீர் கசிந்தாலோ, சிவந்து சூடாக இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்காமல் உடனே போய்க் காட்டுங்கள். சர்க்கரை உள்ளவர் என்பதால் இதைச் சொல்கிறேன். புகை பிடிப்பவர் என்றால் அதை நிறுத்துவதும் தையலைக் காப்பாற்றும் வேலையின் ஒரு பகுதியே.

கொடுமுடி மஞ்சள்காட்டார்

புகைப் பழக்கம் இல்லை, ஐயா. அப்பா உங்களிடம் கேட்கச் சொன்ன கேள்வி ஒன்றே ஒன்று: மண்வெட்டி எப்போது பிடிக்கலாம்? தை மாதம் மஞ்சள் வெட்டு வருகிறது.

இயன்முறை மருத்துவர், திருப்பூர்

மருத்துவர் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், மண்வெட்டிக்கு ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் முதலில் ஈர மண்ணில், சிறிது நேரம். ஆறு மாதம் முடிவதற்கு முன் தை வந்துவிடுகிறது என்று நினைக்கிறேன்.

கொடுமுடி மஞ்சள்காட்டார்

வந்துவிடுகிறது. வெட்டுக்கு ஆள் சொல்லிவிட்டேன். அப்பா களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எடை எழுதுவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்; அதற்குள் ஸ்லிங் கழன்றிருக்கும், எழுதும் அளவுக்குக் கை வந்திருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.